இரு தீவு விமான நிலையங்கள்: வான்தூரமும் பயண நேரமும்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் நின்று, சென்னை அருகில் உள்ளதா, மாலத்தீவின் தலைநகரான மாலே அருகில் உள்ளதா என்று கேட்டால், பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் சென்னை என்றே விடையளிப்பர். சென்னைக்கு ஓர் இரவு ரயிற்பயணம் போதும். மாலேயோ கடல் கடந்த அயல்நாடு. ஆனால் நிலப்படத்தை விரித்து அளந்து பார்ப்போமாயின் வியப்பான உண்மை ஒன்று வெளியாகும். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் வான்வழியே ஏறத்தாழ 612 கிலோமீட்டர். மாலே விமான நிலையம் ஏறத்தாழ 605 கிலோமீட்டர். தென்மேற்கே கடலில் கிடக்கும் அந்நிலையமே சிறிதளவு அண்மையில் உள்ளது.

தூரம் என்பது ஒன்று. சென்று சேரும் நேரம் என்பது மற்றொன்று. முன்னது பூமியின் வடிவத்தால் அமைவது, என்றும் மாறாதது. பின்னது காற்று, ஓடுபாதையின் திசை, கடிகாரத்தின் வழக்கம், எரிபொருள் விதி ஆகிய பலவற்றால் அமைவது, நாள்தோறும் மாறுவது. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காண்பதற்கு, நம் கரைக்கு அண்மையிலுள்ள இரு தீவு விமான நிலையங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, இலங்கையின் மேற்குக் கரையில் கொழும்புக்கு வடக்கேயுள்ள கட்டுநாயக்கா. மற்றொன்று, மாலே நகருக்கு எதிரே ஹுல்ஹுலே என்னும் சிறு தீவில் அமைந்த மாலே விமான நிலையம். இவ்விரண்டிற்கும் வடக்கே, முக்கோணத்தின் மூன்றாம் முனைபோல் நிற்பது திருவனந்தபுரம்.

ஹுல்ஹுலேயில் முதன்முதலாக ஒரு விமானம் இறங்கியது 1960-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில். 1966-இல் நிலையான ஓடுபாதை திறக்கப்பெற்றது. 1981-இல் அது சர்வதேச நிலையமாயிற்று. 2017 முதல் வெலானா என்னும் பெயரைத் தாங்கி வருகிறது. அதற்கு முன்னர் மாலத்தீவினர் பாய்மரக் கலங்களில் பருவக்காற்றை எதிர்பார்த்துக் கொழும்புக்குச் சென்று, எதிர்ப் பருவக்காற்று வீசும் வரை காத்திருந்து திரும்புவது வழக்கம். காற்றுக்காகக் காத்திருக்கும் நிலை இன்று இல்லை. ஆயினும் காற்றைக் கணக்கிடவேண்டிய நிலை இன்றும் உண்டு.

தூரத்தைக் கணக்கிடும் முறை

பூமியின் மேற்பரப்பில் ஓர் இடத்தைக் குறிக்க அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் போதும். ஒரு பாகையை 60 பகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு கலை எனப்படும். வடக்குத் தெற்காக ஒரு கலை நகர்ந்தால் அத்தூரம் ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கப்பலோட்டிகளும் விமானிகளும் இன்றளவும் கடல் மைலைக் கைவிடாமைக்குக் காரணம் இவ்வெளிய தொடர்பேயாகும்.

கிழக்கு மேற்காக நகரும்போது நிலைமை வேறு. தீர்க்கரேகைகள் பூமத்திய ரேகையில் அகன்று நின்று, துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குகின்றன. ஆகவே தீர்க்கரேகை வேறுபாட்டை, இரு இடங்களின் நடு அட்சரேகைக்குரிய கோசைன் மதிப்பால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால் தூரம் கிடைத்துவிடும்.

கட்டுநாயக்கா: வடக்கு 7 பாகை 11 கலை, கிழக்கு 79 பாகை 53 கலை.
மாலே (ஹுல்ஹுலே): வடக்கு 4 பாகை 12 கலை, கிழக்கு 73 பாகை 32 கலை.

அட்சரேகை வேறுபாடு 2 பாகை 59 கலை, அதாவது 179 கலை. தீர்க்கரேகை வேறுபாடு 6 பாகை 21 கலை, அதாவது 381 கலை. நடு அட்சரேகை ஏறத்தாழ 5 பாகை 41 கலை. அதன் கோசைன் 0.995. 381-ஐ 0.995-ஆல் பெருக்க 379 கிடைக்கும். 179-இன் வர்க்கத்தையும் 379-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் காண்போமாயின் 419 கடல் மைல் வருகிறது. அஃது ஏறத்தாழ 776 கிலோமீட்டர்.

இம்முறை பூமியின் வளைவைக் கருதாமல், அதைத் தட்டையாகக் கொள்கிறது. பூமத்திய ரேகைக்கு அண்மையில், ஆயிரம் கிலோமீட்டருக்குட்பட்ட தூரத்திற்கு இதனால் நேரும் பிழை பொருட்படுத்தத்தக்கதன்று. வடகோடியிலுள்ள நகரங்களுக்கிடையே தூரம் காண்பதாயின் கோள முக்கோணக் கணிதமே வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நம் மாணவர்கள், வர்க்கமூலம் அறிந்த அளவிலேயே வான்தூரத்தைக் கணக்கிடலாம் என்பது ஒரு நல்வாய்ப்பு.

இம்முறையில் மற்ற இரு பக்கங்களையும் கண்டால், திருவனந்தபுரத்திலிருந்து மாலே 605 கிலோமீட்டரும், கட்டுநாயக்கா 357 கிலோமீட்டரும் ஆகின்றன. இம்முக்கோணத்தைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

வானில் நேர்க்கோடு இல்லை

776 கிலோமீட்டரை, இன்று இவ்வழியில் வழங்கும் நடுத்தர ஜெட் விமானத்தின் வேகமாகிய மணிக்கு 830 கிலோமீட்டரால் வகுத்தால் 56 நிமிடம் வருகிறது. ஆனால் பயண அட்டவணைகள் இவ்வழிக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஒதுக்குகின்றன. எஞ்சிய அரை மணிக்கும் மேற்பட்ட நேரம் எங்கே செல்கிறது?

விமானம் புறப்பட்டவுடன் முழு வேகத்தை எய்துவதில்லை. 10 அல்லது 11 கிலோமீட்டர் உயரத்தை அடைய ஏறத்தாழ 20 நிமிடம் ஆகிறது. அதற்குள் 200 கிலோமீட்டர் கடந்துவிடுகிறது. இறங்கும்போது, தரையை அடைவதற்கு 200 கிலோமீட்டர் முன்னரே உயரத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். இடையில் மட்டமாகப் பறக்கும் தூரம் 376 கிலோமீட்டர் மட்டுமே. அதாவது பாதி வழி ஏறுவதிலும் இறங்குவதிலுமே கழிகிறது. இதனை ஏறத்தாழப் பின்வருமாறு பகுக்கலாம்:

தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைதல், இறங்கியபின் நிற்குமிடம் சேர்தல்: 15 நிமிடம்
மேலெழுதல்: 20 நிமிடம்
மட்டமாகப் பறத்தல்: 27 நிமிடம்
இறங்குதலும் ஓடுபாதையை அணுகுதலும்: 25 முதல் 28 நிமிடம்

கூட்டினால் ஒன்றரை மணியாகிறது. குறுந்தூரப் பயணங்களில் தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் காண்பது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும் என்பது இதனால் தெளிவாகும்.

ஓடுபாதையின் திசையும் கணக்கில் சேரும். விமானம் காற்றுக்கு எதிர்முகமாகவே ஏறவும் இறங்கவும் விரும்புகிறது. கட்டுநாயக்காவின் ஓடுபாதை வடகிழக்குத் தென்மேற்காக அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விமானம் தென்மேற்கு நோக்கிப் புறப்படுகிறது. மாலேயும் மேற்குத் தென்மேற்கில் இருத்தலால், சிறிதளவே திரும்பித் தன் வழியை அடைகிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திலோ வடகிழக்கு நோக்கிப் புறப்பட்டு, வானில் அரைவட்டமிட்டுத் திரும்ப வேண்டும். தூரம் மாறவில்லை, பருவம் மாறிற்று, சில நிமிடங்கள் கூடிவிட்டன.

கொண்டலும் மேலைக்காற்றும்

காற்றினால் விளையும் வேறுபாடு இதனினும் பெரிது. பறக்கும் விமானத்தை, ஓடும் ஆற்றில் செல்லும் படகுக்கு ஒப்பிடலாம். துடுப்பின் வேகம் நீரைச் சார்ந்தது. கரையில் நிற்போர் காண்பதோ துடுப்பின் வேகமும் நீரின் வேகமும் சேர்ந்த வேகம்.

தமிழில் கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்பர். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலத்தில் தென்மேற்குக் காற்று வீசும்போது, அதற்கு நேர் மேலே 10 கிலோமீட்டருக்கு அப்பால் வலிய கொண்டற்காற்று ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பலருக்குப் புதிய செய்தியாகலாம். தென்னிந்தியாவுக்கு மேலே, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரத்தில் உச்ச வேகமுடைய இவ்வோட்டத்தை வெப்பமண்டலக் கீழ்த்திசை ஜெட் ஓட்டம் என்பர். இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீசுவரம் 1958-இல் வெளியிட்ட ஆய்வுரை இதன் அமைப்பை உலகறியச் செய்தது. இதற்கு மாறாக, தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வலிய ஓட்டம் உண்டு. தீபகற்பத்தின்மேல் ஜூலை மாதத்தில் இஃது இருப்பதை பி. வி. ஜோசப், பி. எல். ராமன் ஆகிய இருவரும் 1966-இல் எடுத்துக்காட்டினர்.

இவ்விரு ஓட்டங்களும் நம் கணக்கில் எவ்வாறு புகுகின்றன என்று காண்போம். ஜூலையில் ஒரு நாள், விமானம் பறக்கும் உயரத்தில் கொண்டற்காற்று மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். கட்டுநாயக்காவிலிருந்து மாலே செல்லும் வழி நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை தெற்கே சாய்ந்தது. ஆகவே காற்றின் 70 கிலோமீட்டரில் 63 மட்டுமே விமானத்தைப் பின்னின்று தள்ளும்; 30 கிலோமீட்டர் பக்கவாட்டில் தள்ளும். போகும்போது தரைவேகம் மணிக்கு 892 கிலோமீட்டர்; திரும்பும்போது 766 கிலோமீட்டர். முழுவழியும் மட்டமாகப் பறப்பதாக எளிமைப்படுத்திக் கொண்டால், போக 52 நிமிடம், திரும்ப 61 நிமிடம்.

இங்கு மாணவர்க்கு உணர்த்தத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. போகும்போது பெற்ற ஆதாயம், திரும்பும்போது நேர்ந்த இழப்பை ஈடு செய்வதில்லை. காற்றில்லாத நாளில் போய்த் திரும்ப 112 நிமிடம்; காற்றுள்ள நாளில் 113 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் நீண்ட நேரம் செலவிடுவதே இதற்குக் காரணம். ஒரே சீராக வீசும் காற்று எத்திசையினதாயினும், போய்த் திரும்பும் மொத்தப் பயணத்திற்கு அது கேடேயன்றி உதவியன்று.

இனி டக்கோட்டா போன்ற பழைய உந்துதண்டு விமானம் ஒன்று அதே ஜூலை மாதத்தில் அதே வழியில் செல்வதாகக் கொள்வோம். அது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் பறப்பது. அங்கே வீசுவது கொண்டலன்று; மேலைக்காற்று. வழியையொட்டிய அதன் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் ஆயின், மாலேக்குச் செல்ல 3 மணி 27 நிமிடம். திரும்ப 2 மணி 28 நிமிடம். ஜெட் விமானத்திற்கு எந்தத் திசை எளிதோ, அதே திசை பழைய விமானத்திற்குக் கடினம். ஜெட் விமானத்திற்கு 9 நிமிடமாக உள்ள வேறுபாடு, பழைய விமானத்திற்கு ஒரு மணியாக வளர்ந்துவிட்டது. உயரமும் வேகமும் மாறியதால், ஒரே கடலின் மேல் ஒரே மாதத்தில் காற்றின் பயனும் தலைகீழாகிவிட்டது.

பக்கவாட்டுக் காற்றையும் மறத்தலாகாது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகப் பக்கக்காற்றைத் திருத்தாமல் விட்டால், 56 நிமிடத்தில் விமானம் வழியினின்று 28 கிலோமீட்டர் விலகிவிடும். நிலத்தின்மேல் வழிதவறினால் ரயிற்பாதையோ ஆறோ அடையாளம் காட்டும். ஹுல்ஹுலேயின் ஓடுபாதை 3.4 கிலோமீட்டர் நீளமுடையது. அதனைச் சூழ்ந்திருப்பது நீர். விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கமாக இரண்டு பாகை திருப்பினால் இவ்விலக்கம் நீங்கும். இன்று செயற்கைக்கோள் வழிகாட்டிகள் இத்திருத்தத்தைத் தாமே செய்கின்றன. முற்காலத்தில் விமானி பென்சிலும் அளவுகோலும் கொண்டு செய்தார்.

விடியற்காலைப் பலூன்

பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றின் வேகத்தை யார் அறிந்து சொல்வது? இவ்வினாவிற்கு விடை களப்பணியாளரிடம் உள்ளது. திருவனந்தபுரத்திலும், லட்சத்தீவுகளில் தென்கோடியிலுள்ள மினிக்காயிலும் இந்திய வானிலைத் துறையின் மேல்வளி ஆய்வு நிலையங்கள் உள்ளன. இந்திய நேரப்படி காலை 5:30, மாலை 5:30 என்பவை மேல்வளி ஆய்வுக்கு உலகம் முழுதும் வகுத்துக்கொண்ட நேரங்கள். அவ்வேளையையொட்டி வாயு நிரப்பிய பலூன் ஒன்று, ரேடியோசாண்டு என்னும் சிறு கருவியைச் சுமந்து மேலே விடப்படுகிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 300 மீட்டர் வீதம் எழும் அது, 40 நிமிடத்தில் ஜெட் விமானங்களின் உயரத்தை அடைகிறது. வழிநெடுக அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றை வானொலியில் அறிவிக்கிறது. அது நகரும் போக்கிலிருந்து காற்றின் திசையும் வேகமும் பெறப்படுகின்றன.

இவ்வளவீடுகள் உலகத் தொடர்பு வலையின் வழியே லண்டன், வாஷிங்டன் என்னும் பெயர்களால் வழங்கும் இரு உலக வான்பரப்பு முன்னறிவிப்பு மையங்களைச் சேர்கின்றன. பறக்கும் விமானங்களும் தாம் கண்ட காற்றை அறிவிக்கின்றன. செயற்கைக்கோள் தரவுகளும் சேர்க்கப்படுகின்றன. அனைத்தையும் கணிப்பொறிகள் ஆராய்ந்து தரும் காற்று முன்னறிவிப்பே, கட்டுநாயக்காவில் புறப்படும் விமானியின் கையிலுள்ள பயணத் திட்டத்தில் எண்களாக நிற்கிறது. ஆகவே மினிக்காயில் மழையில் நனைந்தவாறு பலூன் விடும் ஊழியர் செய்வது வெறும் பதிவேட்டுப் பணியன்று. கடலின்மேல் அளவீடு எடுக்கும் இடங்கள் மிகச் சில. அங்கு ஓர் அளவீடு தவறினால், அக்குறையை ஈடு செய்ய அண்மையில் வேறு பலூன் நிலையம் இல்லை.

கடிகாரம் செய்யும் மயக்கம்

கட்டுநாயக்காவில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் ஒன்றரை மணி பயணம் செய்து மாலே சேரும்போது அங்குள்ள கடிகாரம் 11 மணி காட்டும். அங்கிருந்து நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு அதே ஒன்றரை மணி பயணம் செய்து திரும்பினால், கட்டுநாயக்காக் கடிகாரம் 2 மணி காட்டும். அட்டவணையை மட்டும் படிப்போர், போக ஒரு மணி, திரும்ப இரண்டு மணி என்று எண்ணி, காற்றின்மேல் பழிசுமத்தக் கூடும். உண்மையில் காற்று செய்தது சில நிமிடமே. மற்றது கடிகாரத்தின் செயல். இந்தியாவும் இலங்கையும் கிரீன்விச் நேரத்திற்கு ஐந்தரை மணி முன்னே உள்ளன; மாலத்தீவு ஐந்து மணி முன்னே உள்ளது.

கதிரவனின் கணக்கு வேறு. தீர்க்கரேகை ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்னும் விதிப்படி, கட்டுநாயக்காவிற்கும் மாலேக்கும் உள்ள வேறுபாடு 25 நிமிடமே. கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயிலின் எதிரேயுள்ள மேத்தன் மணி பன்னிரண்டு காட்டும்போது, அவ்விடத்தில் கதிரவன் இன்னும் உச்சியை எட்டியிருப்பதில்லை. சராசரியாக 22 நிமிடம் பின்தங்கியே உச்சிக்கு வருகிறது. நம் கடிகாரம் கிழக்கு 82 ½ பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுவதே காரணம்.

அன்றியும் கடிகார வழக்கம் அரசாணையால் மாறக்கூடியது. இலங்கை 1996-இல் தன் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்து, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளின் அட்டவணைகளைப் பார்ப்போர்க்கு இதே பயணம் வேறு அளவினதாகத் தோன்றும். எனவே இரு நாடுகளுக்கு இடையேயான பயண நேரத்தைக் காணும்போது, இரண்டு நேரங்களையும் முதலில் கிரீன்விச் நேரத்திற்கு மாற்றிக்கொண்டு பின்னரே கழிக்க வேண்டும்.

தீவு நிலையமும் கையிருப்பும்

நிலப்பரப்பிலுள்ள விமான நிலையம் மழையாலோ விபத்தாலோ மூடப்பட்டால் அருகிலுள்ள வேறொன்றில் இறங்கலாம். தீவில் அத்தகைய வசதி அரிது. ஆதலால் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள், சேருமிடம் வரை செல்லும் எரிபொருளோடு மேலும் மூன்றைச் சுமக்கச் சொல்கின்றன. முதலாவது, எதிர்பாராத காற்று முதலியவற்றிற்காகப் பயண எரிபொருளில் பொதுவாக நூற்றுக்கு 5 பங்கு. இரண்டாவது, மாற்று நிலையம் ஒன்றுக்குச் செல்லும் அளவு. மூன்றாவது, ஜெட் விமானமாயின் அங்கு 30 நிமிடம் வட்டமிடும் அளவு. மாற்று நிலையமே இல்லாத தனித்த தீவாயின், அதன்மேல் இரண்டு மணி நேரம் பறக்கும் அளவு கையிருப்பு வேண்டும்.

மணிக்கு 2,400 கிலோகிராம் எரிபொருள் செலவாகும் நடுத்தர ஜெட் விமானத்தைக் கொள்வோம். மாலேக்குச் செல்கிறது, மாற்று நிலையம் திருவனந்தபுரம்.

பயணம் (1 மணி 15 நிமிடம் வானில்): 3,000 கிலோகிராம்
எதிர்பாராத செலவு: 150 கிலோகிராம்
மாற்று நிலையம் (605 கிலோமீட்டர், 55 நிமிடம்): 2,200 கிலோகிராம்
இறுதிக் கையிருப்பு (30 நிமிடம்): 1,200 கிலோகிராம்
மொத்தம்: 6,550 கிலோகிராம்

பயணத்திற்கு வேண்டியது 3,000. நடவாதிருக்க வேண்டும் என்று நாம் விரும்பும் ஒன்றிற்காகச் சுமப்பது 3,550. பயணத்தைவிடக் காவல் கனமானது. இக்கனத்தைச் சுமப்பதற்கே மேலும் சிறிது எரிபொருள் செலவாகும். மாலத்தீவின் தென்கோடியிலுள்ள கன் தீவு நிலையத்தை மாற்றாகக் கொண்டாலும் அது 540 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது, குறைவது சிறிதளவே.

திரும்பி வரும்போது நிலைமை மாறுகிறது. இலங்கையின் தென்கிழக்கிலுள்ள மத்தள விமான நிலையம் 2013-இல் திறக்கப்பெற்றது. அது கட்டுநாயக்காவிலிருந்து 169 கிலோமீட்டர் தொலைவினது. அதனை மாற்று நிலையமாகக் கொண்டால் அப்பகுதிக்கு 1,000 கிலோகிராம் போதும். திருவனந்தபுரத்தைக் கொண்டால் 1,600 ஆகும். வேறுபாடான 600 கிலோகிராம், ஆறு பயணிகளும் அவர்தம் மூட்டைகளும் சேர்ந்த எடைக்கு ஒப்பாகும். ஒரு தீவில் இரண்டாம் ஓடுபாதை திறக்கப்படும்போது, அங்கு ஒரு விமானமும் இறங்காத நாளிலும் அதனால் பயன் விளைகிறது என்பது இக்கணக்கின் பொருள்.

இத்தகைய அண்டை நிலையங்களின் மதிப்பு 2022-இல் எல்லோர்க்கும் வெளிப்பட்டது. இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது, கட்டுநாயக்காவிலிருந்து தொலைநாடுகளுக்குச் செல்லவேண்டிய விமானங்கள் பல திருவனந்தபுரத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. 357 கிலோமீட்டர் என்னும் சிறு தூரமே அவ்விமானச் சேவை அறுந்துபோகாமல் காத்தது. மாலத்தீவினர் பலர் மருத்துவத்தின் பொருட்டுத் திருவனந்தபுரம் வருவதும் நீண்டநாள் வழக்கம். நோயாளிக்கு 605 கிலோமீட்டர் என்பது நிலப்படத்திலுள்ள எண்ணன்று. மருத்துவரை அடைவதற்குமுன் கழியும் நேரம்.

தூரம் குறைந்தும் நேரம் குறையாமை

பயணியின் நேரம் வீட்டுவாயிலில் தொடங்கி மறுவாயிலில் முடிவது. கிழக்கேகோட்டையிலிருந்து சங்குமுகக் கரையிலுள்ள விமான நிலையத்திற்குச் செல்ல அரைமணி, அயல்நாட்டுப் பயணத்திற்குரிய சோதனைகளுக்காக முன்கூட்டியே சென்று காத்திருத்தல் இரண்டு மூன்று மணி, பின்னர்ப் பயணம், ஹுல்ஹுலேயில் இறங்கியபின் கடவுச்சீட்டுச் சோதனை. அங்கிருந்து மாலே நகருக்கு முன்னர்ப் படகே வழி. 2018 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற சினமாலே பாலத்தின் வழியே இன்று வாகனத்தில் செல்லலாம். மொத்தம் ஐந்தாறு மணிநேரத்தில், முழு வேகத்தில் பறக்கும் நேரம் அரை மணிக்கும் குறைவு.

நேர் விமானம் இல்லாத இடத்தில் வேறுபாடு மேலும் பெருகும். நம் நாட்டிலேயே இரு தீவு நிலையங்களைக் காண்போம். லட்சத்தீவிலுள்ள அகத்திக்கும், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கும் இடையே வான்தூரம் ஏறத்தாழ 2,240 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானம் மூன்று மணியில் கடக்கும் தூரம். ஆனால் அகத்தியின் ஓடுபாதை ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமே உடையது. அதில் சிறு விமானங்களே இறங்க இயலும். ஆகவே பயணி கொச்சி போன்ற ஒரு நகரில் இறங்கி, பெரிய விமானம் மாறி, பெரும்பாலும் மற்றுமொரு நகரைக் கடந்தே அந்தமானை அடைகிறார். இணைப்பு விமானம் தவறினால் ஓர் இரவும் கழியும். இங்கு நேரத்தை நிர்ணயிப்பது கடலின் அகலமன்று. ஒரு பவளத்தீவின் நீளம்.

வகுப்பறைக்குச் சில கணக்குகள்

ஆசிரியர்கள் பின்வருவனவற்றை மாணவரிடம் கொடுத்துச் செய்விக்கலாம்.

1. திருவனந்தபுரம் நிலையம் வடக்கு 8 பாகை 29 கலை, கிழக்கு 76 பாகை 55 கலை. மேலே கூறிய முறைப்படி கட்டுநாயக்காவிற்கும் மாலேக்கும் உள்ள தூரங்களைக் கண்டு, விடை 357, 605 கிலோமீட்டர் என வருகின்றதா என்று சரிபார்க்க.

2. கட்டுநாயக்காவிலிருந்து திருவனந்தபுரம் வழியாக மாலே செல்வதாயின் நேர்வழியைவிடக் கூடும் தூரம் எவ்வளவு? (விடை: 186 கிலோமீட்டர்.) வானிற்பறக்கும் நேரம் கால் மணியளவே கூடும் என்று ஒரு மாணவன் கூறினால் அதில் உள்ள குறை யாது? இடையில் இறங்கி ஏறுவதால் கூடும் நேரத்தைச் சேர்த்து விடை காண்க.

3. கொண்டற்காற்று 70-க்குப் பதிலாக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், போகும் நேரமும் திரும்பும் நேரமும் எவ்வாறு மாறும்? இரண்டையும் கூட்டிக் காற்றில்லாத நாளின் மொத்தத்தோடு ஒப்பிடுக.

4. தத்தம் ஊரின் தீர்க்கரேகையைக் கொண்டு, அங்குக் கதிரவன் சராசரியாக எத்தனை மணிக்கு உச்சிக்கு வரும் என்று கணக்கிடுக. பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்துக் கணக்கோடு ஒப்பிடுக. ஆண்டின் பருவத்தைப் பொறுத்துச் சில நிமிடங்கள் முன்பின்னாக அமைவது இயல்பே.

இக்கணக்குகளுக்கு வேண்டுவன ஒரு நிலப்படம், ஒரு கோசைன் அட்டவணை, ஒரு கோல் ஆகியவை மட்டுமே. மேல்வளி ஆய்வு நிலையம் அண்மையிலுள்ள ஊர்களில், உரிய இசைவு பெற்று மாலை நேரப் பலூன் எழுவதை மாணவர்க்குக் காட்டுதல் நலம். அப்பலூன் கொண்டுவரும் எண் ஒன்று, மறுநாள் கடல்மேல் செல்லும் விமானம் எவ்வளவு எரிபொருள் ஏற்றவேண்டும் என்பதை முடிவு செய்வதில் பங்கு கொள்கிறது என்பதை அவர்கள் அங்கேயே கேட்டறியலாம்.